மண்ணால் கட்டிய ஹக்கா கூட்டுவீடுகள்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து மலைக்கிராமங்களில் இருக்கும் வட்டவடிவ மண்வீடுகளைப் பார்த்துத் திரும்பியதிலிருந்து, உறவினரும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் வரிசையாகப் படிப்பதற்கு ஏற்ப அமைந்துள்ளன.

1. துலோ, துலோ என்கிறார்களே, அது கோட்டையா, வீடா?

வீடுதான். சீன மொழியில் 'து' என்பது மண், 'லோ' என்பது மாடிக்கட்டடம். ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட ஒரு குலத்தின் பல குடும்பங்கள், ஒரே பெரிய சுற்றுச்சுவருக்குள் மூன்று நான்கு மாடிகளில் சேர்ந்து வாழ்வதற்காகக் கட்டிக்கொண்ட கூட்டுவீடு அது. வெளியே நின்று பார்த்தால் கீழ்ப்பகுதியில் சன்னலே இல்லாத கோட்டைச் சுவர் தெரியும். வாசலைத் தாண்டி உள்ளே போனால் திறந்த முற்றம், கிணறு, துணி காயும் கொடி, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டி என ஒரு தெருவே வளைந்து நிற்பது போலத் தோன்றும்.

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றில் 46 கட்டடங்களை 'ஃபூஜியான் துலோ' என்ற பெயரில் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அந்த 46 கட்டடங்களும் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவை. பட்டியலில் சேராதவை ஆயிரக்கணக்கில் உள்ளன. சாலையோரத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நிற்பவையும் அவற்றுள் அடங்கும்.

2. ஹக்கா என்பவர்கள் யார்? தனி இனமா?

அவர்கள் ஹான் சீனர்களின் ஒரு கிளையினர்; அவர்களுக்கென்று தனிப் பேச்சுமொழி உண்டு. 'ஹக்கா' என்ற சொல்லுக்கு 'விருந்தினர் குடும்பங்கள்' என்று பொருள். வடக்கே மஞ்சளாற்றுச் சமவெளியிலிருந்து போருக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சிப் பல நூற்றாண்டுகளாக அலையலையாகத் தெற்கே நகர்ந்தவர்கள் என்பது அவர்களுடைய குல வரலாறு. நல்ல சமவெளி நிலங்கள் முன்பே பிறர் கையில் இருந்ததால் மலைகளில்தான் இடம் கிடைத்தது. பின்னால் வந்தவர் என்பதற்காக வைக்கப்பட்ட பெயர், எத்தனை தலைமுறை கடந்தும் நீங்காமல் நின்றுவிட்டது.

இன்று ஃபூஜியானின் மேற்குப் பகுதி, குவாங்டோங் மாகாணத்து மெய்ஜோ, ஜியாங்சி மாகாணத்தின் தெற்குப் பகுதி ஆகியவை அவர்களின் தாயகங்கள். அங்கிருந்து தைவானுக்கும் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கும் பெருந்தொகையினர் குடிபெயர்ந்தார்கள்.

3. மண்ணால கட்டின வீடு மழையில கரையாதா? அங்கே மழை அதிகம் என்கிறார்களே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். முதலில், இது குழைத்த சேறு வைத்து எழுப்பிய சுவர் அன்று. ஈரம் மட்டாக இருக்கும் மண்ணைப் பலகை அச்சுக்குள் கொட்டி, திமிசுக் கட்டையால் அடுக்கடுக்காக இடித்துக் கெட்டியாக்கிய சுவர். களிமண், மணல், சுண்ணாம்பு ஆகியவற்றை இடத்துக்கு ஏற்ற விகிதத்தில் கலந்தார்கள். உறுதி கூடுதலாக வேண்டிய இடங்களில் ஒட்டரிசிக் கஞ்சியும் பழுப்புச் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். சுவருக்குள் எலும்பு போல மூங்கில் பிளாச்சுகளையும் மரக்கிளைகளையும் படுக்கை வசத்தில் வைத்து இடித்தார்கள். ஒரு மாடி எழுப்பி, அது காய்ந்து இறுகிய பிறகே அடுத்த மாடிக்குக் கை வைத்தார்கள் என்பதால் பெரிய வீடு ஒன்று முடியப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாவதாக, மழை சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அடித்தளமும் சுவரின் கீழ்ப்பகுதியும் ஆற்றுக் கற்களால் ஆனவை. ஆகவே தேங்கும் நீரும் தெறிக்கும் நீரும் மண்ணை எட்டுவதில்லை. மேலே ஓட்டுக்கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும். அந்தப் பெரிய கூரையைப் பார்த்துப் பலர் அழகுக்காக என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கூரையைப் பழுதுபார்க்க ஆளில்லாமல் ஓடு சரிந்து போன வீடுகளில் சில ஆண்டுகளிலேயே சுவர் கரையத் தொடங்குவதைப் பக்கத்துக் கிராமங்களில் நீங்களே பார்க்கலாம்.

சுவரின் அடிப்பகுதி பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் கனமாக இருந்து மேலே போகப்போக மெலிந்து உள்பக்கமாகச் சாயும். ஹுவாஆன் வட்டாரத்தின் தாதி கிராமத்தில் உள்ள, 1770இல் கட்டி முடிக்கப்பட்ட அர்யீ லோவின் அடிச்சுவர் ஏறத்தாழ 2.5 மீட்டர் கனம் கொண்டது. இவ்வளவு கனத்த சுவர் கோடையில் வெப்பத்தையும் குளிர்காலத்தில் குளிரையும் உள்ளே விடாமல் தடுக்கிறது என்பதை, வெயிலில் நடந்து வந்து உள்ளே நுழையும் அந்த முதல் நிமிடத்திலேயே உணரலாம்.

4. ஏன் வட்டமாகக் கட்டினார்கள்?

எல்லாம் வட்டம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சதுரமும் செவ்வகமும் ஏராளம், நீள்வட்டமும் உண்டு. சுற்றுலாப் படங்களில் வட்டம் மட்டுமே வருவதால் இந்த எண்ணம் பரவிவிட்டது.

வட்டத்தின் வசதிகள் நடைமுறை சார்ந்தவை. சதுர வீட்டின் மூலை அறைகள் இருட்டாகவும் காற்றோட்டம் குறைந்தும் இருக்கும். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதில் மனத்தாங்கல் வரும். வட்டத்தில் மூலையே இல்லாததால் எல்லா அறையும் ஒரே அளவில், ஒரே வடிவில் அமைகின்றன. சுவரைத் தாக்க வருகிறவர்கள் மறைந்து நிற்கவும் மூலை இல்லை. அதே நீளச் சுவருக்குள் அடங்கும் முற்றம் சதுரத்தைவிட வட்டத்தில்தான் பெரியது.

5. யாருக்கு எந்த அறை? கூட்டுக் குடும்பம் என்றால் எல்லாருக்கும் ஒரே சமையலா?

இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு உண்டு. வட்டத்தைச் செங்குத்தாகத் துண்டு போட்டது போலப் பங்கு பிரித்திருப்பார்கள்: ஒரு குடும்பத்துக்குத் தரைத்தளத்தில் சமையலறை, அதற்கு நேர் மேலே தானியம் சேமிக்கும் அறை, அதற்கும் மேலே மூன்றாம் நான்காம் தளங்களில் படுக்கையறைகள். கீழ் இரண்டு தளங்களுக்கு வெளிச்சன்னல் இல்லாததன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பாதுகாப்புக்கும் அது உதவியது, நெல்லும் பத்திரமாக இருந்தது. ஹக்கா வீடுகளில் பெரும்பாலும் படிக்கட்டுகளும் உள்பக்க நடைபாதையும் எல்லாருக்கும் பொது. ஆகவே தன் படுக்கையறைக்குப் போகும் ஒருவர் சித்தப்பா வீட்டு அறை வாசலையும் பெரியப்பா வீட்டு அறை வாசலையும் கடந்துதான் போக வேண்டும்.

நடுவில் மூதாதையர் கூடம் இருக்கும். திருமணம், இறப்புச் சடங்கு, பண்டிகை வழிபாடு, குலத்தின் கூட்டம் எல்லாம் அங்கேதான். பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தனிமை என்பதற்கு அங்கே இடமே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6. படங்களில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எந்த ஊருக்குப் போவது?

துலோக்கள் மூன்று வட்டாரங்களில் கொத்துக்கொத்தாக உள்ளன: லோங்யான் நகராட்சியைச் சேர்ந்த யோங்திங், ஜாங்ஜோ நகராட்சியைச் சேர்ந்த நான்ஜிங், ஹுவாஆன். முதன்முறை போகிறவர்கள் யோங்திங்கையும் நான்ஜிங்கையும் எடுத்துக்கொண்டால் போதும்.

யோங்திங்கின் காவ்பேய் கிராமத்தில்தான் 'துலோக்களின் அரசன்' என்று அழைக்கப்படும் செங்ச்சீ லோ இருக்கிறது. 1709இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த வீடு, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையங்கள் கொண்டது. வெளிவளையம் மட்டும் நான்கு மாடி, மாடிக்கு 72 அறைகள். உள்ளே போகப்போக வளையங்கள் உயரம் குறைந்து, நடுவில் மூதாதையர் கூடம் வருகிறது. 'மேலும் கீழுமாக நானூறு அறை' என்று ஊரில் ஒரு பாட்டே உண்டு. ஜியாங் குலத்தாரின் வீடு இது. அருகில் உள்ள ஹோங்கெங் கிராமம் லின் குலத்தாருடையது. ஓடைக் கரையோரமாக நடந்தே பல வடிவ வீடுகளைப் பார்க்கலாம். 1912இல் கட்டத் தொடங்கிய ஜென்செங் லோ அங்கே பெயர்பெற்றது. புகையிலை சீவும் கத்தி செய்து விற்றுச் சேர்த்த செல்வத்தில் எழுந்த அந்த வீடு, எட்டுத் திசைக் குறிகளின் முறைப்படி எட்டுப் பகுதிகளாகத் தீத்தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுக்கூடத்தில் மேல்நாட்டுப் பாணித் தூண்களும் மாடியில் வார்ப்பிரும்புக் கைப்பிடிகளும் இருப்பது முதலில் சற்றுத் திகைக்க வைக்கும். அதே கிராமத்தில் 16 அறைகள் மட்டுமே கொண்ட ரூஷெங் லோவும் இருக்கிறது. பெரியதைப் பார்த்த கையோடு இந்தச் சிறியதையும் பார்த்துவிடுங்கள். என் மனத்தில் அதிகம் தங்கியது இதுதான்.

நான்ஜிங் பக்கத்தில் தியென்லுவோகெங் கிராமம், 'வயல் நத்தைப் பள்ளம்' என்ற பொருள்படும் பெயர் கொண்டது. நடுவில் ஒரு சதுர வீடு, சுற்றிலும் மூன்று வட்ட வீடுகள், ஒரு நீள்வட்ட வீடு என்று ஐந்து கட்டடங்கள். மேலிருந்து பார்ப்பதற்கு மேசையில் வைத்த பாத்திரங்கள் போல் இருப்பதால் 'நான்கு கறி, ஒரு சூப்பு' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நடுவிலுள்ள புயூன் லோ 1796இல் கட்டப்பட்டது. 1936இல் கொள்ளையர் தீ வைத்ததில் அழிந்து, 1953இல் மீண்டும் எழுப்பப்பட்டது. நீள்வட்ட வீடு 1966இல்தான் கட்டப்பட்டது என்பதைக் கேட்டுப் பலர் ஏமாற்றமடைகிறார்கள். இவ்வளவு அண்மைக் காலம் வரை இந்த முறையில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அதற்கருகில் உள்ள யூசாங் லோவின் மேல்மாடித் தூண்கள் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாகச் சாய்ந்து நிற்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் பல நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறது. அங்கே ஒவ்வொரு சமையலறைக்கும் ஒரு கிணறு உண்டு என்பது அதன் இன்னொரு சிறப்பு. யுன்ஷுயியாவ் கிராமத்தில் ஆற்றோரத்து ஆலமரங்களுக்கு அப்பால் இருக்கும் ஹேகுய் லோ ஐந்து மாடி உயரம் கொண்ட செவ்வக வீடு. சதுப்பு நிலத்தில் பைன் மரத்தடிகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டினார்கள்.

7. நான்ஜிங் என்றால் அந்தப் பெரிய நகரம்தானே? அங்கிருந்து எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதலாம். ஜியாங்சு மாகாணத்தில் உள்ள, ஒரு காலத்தில் தலைநகராக இருந்த பெருநகரம் நான்ஜிங் வேறு. ஃபூஜியானில் துலோக்கள் இருக்கும் நான்ஜிங் வேறு. சீன எழுத்திலும் தொனியிலும் வேறுபட்ட இந்த இரண்டு பெயர்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் பெருநகரத்துக்கு ரயில் சீட்டு எடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில்தான் கவனித்தார். சீட்டு எடுக்கும்போது சீன எழுத்தில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயண நேரமும் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் இறங்க வேண்டிய விமான நிலையம் சியாமென். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. சியாமெனிலிருந்து லோங்யான் செல்லும் அதிவேக ரயில் இந்தச் சிறிய நான்ஜிங் வழியாகத்தான் போகிறது. நான்ஜிங்குக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நிலையத்திலிருந்து மலைப்பாதையில் பேருந்திலோ வாடகைக் காரிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஒரு கொத்திலிருந்து இன்னொரு கொத்துக்குப் பேருந்தை நம்புவது கடினம்; இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நாள் வாடகைக்குக் கார் எடுப்பதே நல்லது. வளைவுகள் மிகுதி என்பதால், வாந்தி வரும் இயல்புடையவர்கள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

8. எந்த மாதத்தில் போகலாம்?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வானம் தெளிந்து, குளிர் இதமாக இருக்கும். வசந்தத்தில் மழையும் பனிமூட்டமும் அதிகம். படம் எடுப்பவர்களுக்கு அது பிடிக்கும், நடப்பவர்களுக்குப் பிடிக்காது. கோடையின் பிற்பகுதியில் கடற்கரையைத் தாக்கும் புயல் மலைப்பாதையை மூடச் செய்யலாம். அக்டோபர் முதல் வாரம், மே மாதத் தொடக்க விடுமுறை ஆகிய இரண்டையும் கட்டாயம் தவிர்க்கவும். முற்றத்தில் கால் வைக்க இடமிருக்காது.

9. சியாமெனிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிட முடியுமா?

முடியும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நாளின் பாதி வண்டியிலேயே கழியும். மீதிப் பாதியும் எல்லாச் சுற்றுலாக் குழுக்களும் வந்து நிற்கும் நடுப்பகலாக இருக்கும். ஓர் இரவு தங்கினால் காலை ஏழு மணியின் முற்றமும் மாலை ஐந்து மணிக்குப் பிறகான முற்றமும் கிடைக்கும். இரண்டு இரவு தங்க முடிந்தால் யோங்திங்குக்கு ஒரு நாள், நான்ஜிங்குக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

10. நுழைவுச்சீட்டு வாங்கியாகிவிட்டது. அப்புறம் எல்லா மாடிக்கும் ஏறிப் பார்க்கலாம்தானே?

பெரும்பாலும் முடியாது. சீட்டு ஒரு கிராமத்து வீடுகளின் கொத்துக்கானது. அது உங்களைத் தரைத்தளத்து முற்றத்துக்கும் மூதாதையர் கூடத்துக்கும் அழைத்துச் செல்லும். மாடிகள், 5ஆம் பதிலில் சொன்னபடி, மக்களின் படுக்கையறைகள். படிக்கட்டின் குறுக்கே கயிறு கட்டி, ஏறக் கூடாது என்று எழுதி வைத்திருப்பார்கள். மரத்தளங்கள் கூட்டத்தின் எடையைத் தாங்க வேண்டுமே என்ற கவலையும் அதில் இருக்கிறது.

சில வீடுகளில் குடியிருப்பவரே வந்து, ஒரு சிறு தொகை கொடுத்தால் மேலே அழைத்துப் போவதாகச் சொல்வார். அங்கே அனுமதி இருக்கிறதா என்று வாசலில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. விதிப்படி ஏற விரும்புகிறவர்கள் யோங்திங்கின் சூசீ கிராமத்துக்குப் போகலாம். அங்குள்ள ஜிசிங் லோ 1419இல் கட்டப்பட்டது. யாரும் குடியிருக்காமல் ஹக்கா வாழ்க்கையைக் காட்டும் காட்சியகமாக ஆக்கப்பட்டிருக்கிறது. பொதுப் படிக்கட்டு என்ற வழக்கத்துக்கு மாறாக, 72 தனித்தனிப் படிக்கட்டுகள் கொண்டது இது.

11. உள்ளே போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா? வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?

கழற்ற வேண்டாம், மூதாதையர் கூடத்திலும் வேண்டாம். நமக்குச் சற்று உறுத்தலாக இருக்கும்; இருந்தாலும் அதுதான் அங்கே வழக்கம். ஆனால் உயர்ந்த வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும் என்பதில் அவர்களும் நம்மைப் போலவே கண்டிப்பானவர்கள்.

கூடத்தில் வைத்திருக்கும் பெயர்ப்பலகைகளையும் ஊதுவத்திக் கிண்ணத்தையும் தொடக் கூடாது. வெள்ளைத் துணி கட்டிச் சடங்கு ஏதேனும் நடந்துகொண்டிருந்தால், சீட்டு வாங்கியிருந்தாலும் அந்த வீட்டைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். சமையலறைக் கதவு திறந்திருப்பது உங்களை உள்ளே அழைப்பதற்காக அல்ல, புகை போவதற்காக. முதியவர்களைப் படம் எடுக்குமுன் கேமராவைக் காட்டிச் சைகையால் கேட்டால் பெரும்பாலோர் சிரித்துத் தலையசைப்பார்கள், சிலர் கையால் மறுப்பார்கள். மறுத்தால் மறுத்ததுதான். சுவர் மண் என்றாலும் உள்ளே எல்லாம் காய்ந்த மரம் என்பதால் புகைபிடிப்பதை நினைக்கவே கூடாது. பதிவு செய்யாத ட்ரோனைக் கொண்டு போக வேண்டாம்.

12. துலோவுக்குள்ளேயே தங்கலாமா? கழிப்பறை வசதி எப்படி?

தங்கலாம். சில வீடுகளில் குடும்பத்தார் தம் பங்குக்குரிய அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். அறை சிறியது, மரத் தடுப்பு மெல்லியது. பக்கத்து அறையில் இருமினால் உங்களுக்குக் கேட்கும். பழைய அமைப்பில் மாடியில் கழிப்பறை கிடையாது. இரவில் வாளிதான், காலையில் கீழே கொண்டு போவார்கள். இப்போது விருந்தினருக்கெனத் தரைத்தளத்திலோ வெளியிலோ நல்ல கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். நள்ளிரவில் மூன்று மாடி இறங்கி ஏற முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அதே கிராமத்தில் அறையோடு குளியலறை சேர்ந்த புதிய விடுதிகள் உள்ளன. அங்கே படுத்துவிட்டு விடியலில் நடந்து போகலாம். முன்பதிவு செய்யும்போது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களை ஏற்பார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

13. நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். பிரச்சினை கறித்துண்டில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது கிராமத்து வழக்கம். 'வோ ச்சீ சூ' என்றால் 'நான் சைவம் உண்பவன்' என்று பொருள். புத்த சமயத்தார் விரதமிருப்பதால் இது எல்லாருக்கும் விளங்கும் சொல். அதோடு 'தாவர எண்ணெயில் சமையுங்கள், இறைச்சிச் சாறு வேண்டாம்' என்பதைச் சீன எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சமையற்காரரிடமே காட்டுங்கள். மூங்கில் குருத்து, டோஃபு, காளான், மலைக்கீரை, சர்க்கரைவள்ளி ஆகியவை அங்கே நன்றாக இருக்கும். ஹக்காக்களின் பெயர்பெற்ற அடைத்த டோஃபு, அதாவது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'யோங் தாவ் ஃபூ' என்று நாம் அறிந்தது, உள்ளே பன்றி இறைச்சி வைத்தது என்பதை மறக்க வேண்டாம்.

அசைவர்களுக்குச் சிக்கல் இல்லை. உப்பில் புதைத்து வேகவைத்த கோழியும், காயவைத்த கடுகுக்கீரையோடு ஆவியில் வெந்த பன்றி இறைச்சியும் சாப்பிட்டுப் பார்க்கத்தக்கவை. யோங்திங்கின் காயவைத்த கீரை அந்தப் பகுதி முழுவதும் பெயர்பெற்றது.

14. ஹக்கா நூடுல்ஸ் பிறந்த ஊருக்கே போகிறோம், அங்கே அது எப்படி இருக்கும்?

அங்கே அது இல்லை. நம் ஊர் உணவகங்களில் அந்தப் பெயரில் கிடைப்பது கொல்கத்தாச் சீனர்களிடமிருந்து பரவிய இந்தியச் சமையல். கொல்கத்தாவின் டாங்க்ராப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்காக் குடும்பங்கள் பெரும்பாலும் மெய்ஜோவிலிருந்து வந்தவர்கள். யோங்திங்கில் போய் 'ஹக்கா நூடுல்ஸ்' கேட்டால், அவர்கள் பார்வையில் 'எங்கள் வீட்டு நூடுல்ஸ்' என்றுதான் பொருள்படும். சோயாவும் மிளகாய்ச் சாறும் சேர்த்து வதக்கிய அந்தப் பண்டம் வராது.

15. அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

செங்ச்சீ லோவுக்கும் ஹோங்கெங்குக்கும் கூட்டிப் போகலாம். தரை ஏறத்தாழ சமம். முற்றங்களில் பதித்திருக்கும் ஆற்றுக் கூழாங்கற்கள் மழையில் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி வேண்டும். சூசீ மலைச்சரிவில் இருப்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். தியென்லுவோகெங்கை மேலே உள்ள பார்வை மேடையிலிருந்து பார்த்துவிட்டு, வண்டியிலேயே கீழே போய்விடலாம். இடைப்பட்ட படிக்கட்டில் இறங்கத் தேவையில்லை.

16. ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க முடியுமா? பணம் எப்படிக் கொடுப்பது?

ஆங்கிலம் அநேகமாக உதவாது. பெரியவர்கள் ஹக்கா பேசுவார்கள். இளையவர்களிடமும் கடைக்காரர்களிடமும் மாண்டரின் செல்லும். மொழிபெயர்ப்புச் செயலியைப் புறப்படும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் சேவைகள் அங்கே இயங்காது. பணத்துக்கு அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொள்ளலாம். கீரை விற்கும் பாட்டிகூடக் கியூஆர் குறியீட்டு அட்டையை நீட்டுவார். இருந்தாலும் சில்லறைத் தாள் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குக் குறுகிய பயணங்களுக்கு விசா விலக்கு உண்டு.

17. அமெரிக்கச் செயற்கைக்கோள் இதை அணு ஏவுகணைத் தளம் என்று நினைத்ததாமே?

எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை இது. வானத்திலிருந்து பார்த்தால் வட்டக் கூரைகள் ஏவுகணைக் கிணறுகள் போலத் தோன்றியதாகவும், உளவாளிகள் வந்து பார்த்தபோது முற்றத்தில் மக்கள் சோறு தின்றுகொண்டிருந்ததாகவும் சொல்வார்கள். கேட்டு ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொண்டு வேறொருவருக்குச் சொல்ல வேண்டாம்.

நிலநடுக்கக் கதை வேறு வகை. 1918இல் அந்தக் கடற்கரையைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. யோங்திங்கின் ஹுவான்ஜி லோ சுவரில் அப்போது விழுந்த விரிசல் தானாகவே பெரும்பாலும் மூடிக்கொண்டது என்று ஊரார் இன்றும் இடத்தைக் காட்டுகிறார்கள். உள்ளே சாயும் சுவர், சுவருக்குள் இருக்கும் மூங்கில், தூண்களும் விட்டங்களும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் மரச்சட்டகம் ஆகியவற்றை (3ஆம் பதிலைப் பார்க்கவும்) நினைத்தால் இது முற்றிலும் நம்ப முடியாத கதையாகத் தோன்றவில்லை.

18. எல்லாத் துலோவும் ஹக்கா கட்டியதுதானா? ஒரு மலேசிய நண்பர் இல்லை என்கிறார்.

உங்கள் நண்பர் சொல்வது சரி. யோங்திங் வீடுகள் ஹக்காக்களுடையவை. ஆனால் ஹுவாஆனிலும் நான்ஜிங்கின் ஒரு பகுதியிலும் மின்னான் மொழி பேசுகிறவர்கள், அதாவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் ஹொக்கியென் என்று அழைக்கும் மக்கள், துலோ கட்டி வாழ்ந்தார்கள். பினாங்கு ஹொக்கியெனின் வேர் ஜாங்ஜோ வட்டார வழக்கு என்பதால், பினாங்கில் வளர்ந்த தமிழர் ஒருவருக்குச் சந்தையில் கற்ற நாலு சொல் அங்கே கைகொடுக்கும்.

அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஹக்கா வீட்டில் பொது நடைபாதை என்றால், 3ஆம் பதிலில் குறிப்பிட்ட அர்யீ லோ போன்ற மின்னான் வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனிப் படிக்கட்டு. ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளை வளைத்து வைத்தது போன்றது அது. 'ஹக்கா துலோ' என்று பொதுவாக எழுதுவதைவிட யுனெஸ்கோ வைத்த 'ஃபூஜியான் துலோ' என்ற பெயர் சரியானது என்பது என் கருத்து.

19. போய்வந்த ஒருவர், எல்லாம் கடைதான், பார்க்க ஒன்றுமில்லை என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. பெயர்பெற்ற வீடுகளின் தரைத்தளத்தில் தேயிலையும் புகையிலையும் நினைவுப்பொருளும் விற்கும் கடைகள் நிறைந்திருக்கின்றன. இளையவர்கள் சியாமெனிலும் பிற நகரங்களிலும் வேலைக்குப் போய்விட்டார்கள்; ஒரு காலத்தில் பல நூறு பேர் வாழ்ந்த வீட்டில் இன்று முதியவர்களும் கடை வைத்திருப்பவர்களுமே மிஞ்சியிருக்கிறார்கள். அந்தக் கடையை நடத்துகிறவரும் பெரும்பாலும் அந்தக் குலத்து மருமகளோ பேரனோதான். வீட்டை விட்டுப் போகாமல் இருப்பதற்கு அவருக்குக் கிடைத்த வழி அது என்பதால் எனக்கு அதில் பெரிய குறை தோன்றவில்லை. தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் உட்காருங்கள். விருப்பமில்லையென்றால் வாங்காமல் எழுந்து வரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

20. தமிழருக்கும் இந்தப் பகுதிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

துலோக்களுக்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அதே ஃபூஜியானின் கடற்கரையில், சியாமெனுக்கு அருகே உள்ள சுவான்ஜோ துறைமுகத்தில் சோழமண்டல வணிகர்கள் வாழ்ந்தார்கள். அங்கே சிவன் கோயில் இருந்ததைச் சொல்லும், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த, தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கையுவான் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கண்ணன் கதைச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம். பயணத்தில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அங்கே செலவிடுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வீடுகளில் தலைவலிக்குத் தடவிய டைகர் பாமை உலகறியச் செய்த ஆ பூன் ஹாவின் குடும்பம் யோங்திங்கின் ஜோங்சுவான் கிராமத்திலிருந்து ரங்கூனுக்குக் குடிபெயர்ந்த ஹக்காக் குடும்பம்.

21. ஃபூஜியான் வரை போக முடியாது, ஹாங்காங்தான் போகிறோம். அங்கே பார்க்க ஏதாவது உண்டா?

வட்ட வீடு இல்லை. ஆனால் சுவர் சூழ்ந்த ஹக்காக் குடியிருப்பு உண்டு. சுன் வானில் 1786இல் கட்டப்பட்ட சாம் துங் உக், இப்போது காட்சியகம். கட்டணம் கிடையாது, பாதாள ரயிலில் இறங்கி நடந்தே போகலாம். எல்லையைத் தாண்டி ஷென்ஜென் போகிறவர்கள் லோங்காங் வட்டாரத்தில் 1817இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய குலவீட்டைப் பார்க்கலாம். இவை நேர்கோட்டு அமைப்பு கொண்டவை. மெய்ஜோவின் குலவீடுகளோ பின்பக்கம் குதிரைலாடம் போல வளைந்தவை. ஒரே மக்கள் நிலத்துக்கும் ஆபத்துக்கும் ஏற்றபடி வீட்டின் வடிவத்தை மாற்றிக்கொண்டதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தனிச் சுவை இருக்கிறது.

22. சரி, ஒரே ஒரு வீடு பார்க்கத்தான் நேரம் என்றால் எது?

செங்ச்சீ லோ. அழகில் ஜென்செங் லோ விஞ்சும், பழமையில் ஜிசிங் லோ விஞ்சும். ஆனால் வளையத்துக்குள் வளையமாக நடந்து, ஒவ்வொரு சந்திலும் வழி தவறி, நடுக்கூடத்தை அடைவது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். காலை எட்டு மணிக்கு முன் வாசலில் இருங்கள். அந்நேரம் சமையலறைகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருக்கும், கடைகள் இன்னும் திறந்திருக்காது, கிணற்றடியில் யாராவது காய்கறி கழுவிக்கொண்டிருப்பார்கள். ஒன்பதரை மணிக்கு முதல் பேருந்துக் கூட்டம் கொடிபிடித்த வழிகாட்டியோடு உள்ளே வரும்போது நீங்கள் வெளியே வந்துவிடலாம்.